நெக்க பாக்காம வெள்ளிய எண்ணாதீங்க

போன மாசம் என்னோட நாலு கம்பி பேஸ் கித்தார வித்துட்டேன். பதினோரு வருஷம் கையில இருந்த சாமான். வாங்கிட்டு போனது கிள்ளான்ல இருந்து வந்த ஒரு அப்பாவும் மகனும். அன்னிக்கு என் வீட்டு ஹால்ல நடந்தத எழுதி வைக்கணும்னு அப்பலேர்ந்து மனசுல இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி 2018ல நான் வாங்கி மாட்டிக்கிட்ட அஞ்சு கம்பி பேஸ் கதைய சொல்லணும், அத சொல்லலன்னா நான் ஏன் எப்ப பாத்தாலும் நெக்கு நெக்குன்னு, அதான் கம்பி ஓடற அந்த நீளக் கழுத்த பத்தியே, பேசறேன்னு உங்களுக்கு புரியாது.

அப்ப நாங்க கல்யாண டின்னருக்கு வாசிக்கிற குரூப்பு. பாடற அக்காவுக்கு ஏத்த மாதிரி சுருதிய எறக்கி எறக்கி பாதி பாட்டு டி-ல, ஈ ஃப்ளாட்ல வந்து நிக்கும். நாலு கம்பி பேஸ்ல கீழ்ப்பக்கம் ஈ-யோட முடிஞ்சு போயிடும், அது 41 ஹெர்ட்ஸ், அதுக்கு கீழ இருக்கற டி வேணும்னா கம்பிய தளர்த்தணும் இல்ல மேல போய் வாசிக்கணும், மேல போனா அந்த கனம் வராது, கீபோர்டு வாசிக்கிற அண்ணனும் ஒவ்வொரு ஷோவுக்கும் திரும்பிப் பாப்பாரு. அஞ்சு கம்பின்னா கீழ ஒரு பி கம்பி இருக்கு, 31 ஹெர்ட்ஸ் வரைக்கும் எறங்கும். வாங்கிடலாம்னு முடிவு பண்ணி போன்ல தேட ஆரம்பிச்சேன்.

ஒரு வெளம்பரம் கண்ணுல பட்டுச்சு. படம் ஆறு. ஆறும் பேஸோட உடம்ப, அதான் பாடிய, முன்பக்கத்துல இருந்து எடுத்தது, நல்லா தொடச்சு பளபளன்னு. நெக்குக்கு ஒரு படம் கூட இல்ல. வெல 900 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், அந்த பேஸுக்கு அது கொறச்சல்னு எனக்கு தெரியும், தெரிஞ்சதுதான் என்ன அவசரப்படுத்துச்சு. மெசேஜ் போட்டேன், 'இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க பாஸ், இன்னிக்கு ராத்திரி வரீங்களா, சிஓடி'ன்னு பதில், நேர்ல பாத்து கையில காச குடுக்கறதுதான் சிஓடி. பூச்சோங் பக்கம் ஒரு பெட்ரோல் ஸ்டேஷன், ராத்திரி பத்தரை மணி. காடி பூட்ட, அதான் கார் டிக்கிய, தொறந்து காட்டினாரு, சத்தத்த பெருசாக்கற ஆம்ப் கெடையாது, வெளிச்சம் கெடையாது, மழ வேற தூறிட்டு இருந்துச்சு. நாலு குமிழ திருப்பிப் பாத்தேன், கம்பிய முறுக்கற டியூனர் ஓடுதான்னு பாத்தேன், காச குடுத்துட்டு வந்துட்டேன்.

நெக்குல குறுக்கால பதிச்ச உலோகப் பட்டைங்கதான் ஃப்ரெட்டு, வீட்டுக்கு வந்து டியூன் பண்ணி 12வது ஃப்ரெட்டுல வெரல வச்சா கம்பி கீழ எறங்கவே மாட்டேங்குது. ஸ்கேல் வச்சு பாத்தா கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல 5 மில்லிமீட்டர். ரெண்டு, ரெண்டரை இருந்தா போதும். பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற சாடில முடிஞ்ச வரைக்கும் எறக்கிட்டேன், அப்பவும் நாலுக்கு மேல. அந்தாளுக்கு மெசேஜ் போட்டேன், ரெண்டு நீலக் குறி விழுந்துச்சு, அதோட என்ன பிளாக் பண்ணிட்டாரு.

புடு பக்கம் கடைவீட்டு மாடியில ஒரு சீன அங்கிள் கித்தார் ரிப்பேர் பண்றாரு, அவர்கிட்ட தூக்கிட்டு போனேன். அவரு ஒரு வார்த்த பேசல. நெக்கோட தலப்பக்கத்த, அதான் ஹெட்ஸ்டாக்க, கண்ணுக்கு நேரா தூக்கி ஒரு கண்ண மூடி துப்பாக்கி குறி வைக்கிற மாதிரி பாத்தாரு, கம்பிய தளர்த்தினாரு, நெக்குக்குள்ள இருக்கற ராடோட நட்டுல ஆலன் கீய விட்டாரு, விட்டவரு திருப்பாம என் கைய பிடிச்சு அந்தக் கீ மேல வச்சு 'நீயே திருப்பிப் பாரு'ன்னாரு. திருப்பினேன். அசையல. செவுத்துல அடிச்ச ஆணிய கையால திருப்பற மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஸ்டாண்டுல இருந்த இன்னொரு பேஸ எடுத்து அதுலயும் கீய விட்டு, 'இதையும் திருப்பு, மெதுவா'ன்னாரு. இது வேற. கொஞ்சம் இறுக்கம், அதுக்கு பின்னாடி மரம் மெதுவா நகந்து குடுக்கறது உள்ளங்கையில தெரியுது. கால் சுத்துக்கும் கம்மியாதான் திருப்பியிருப்பேன். மறுபடியும் என் பேஸ காட்டி 'ராட் சுடா ஹாபிஸ் லா'ன்னாரு. ராடு முடிஞ்சு போச்சு. எனக்கு முன்னாடி வச்சிருந்த யாரோ, இல்ல ரெண்டு மூணு பேரு, நெக்கு வளைய வளைய அந்த நட்ட இறுக்கி இறுக்கி கடைசி மரை வரைக்கும் கொண்டு போயிட்டாங்க, இனிமே இறுக்க எடம் இல்ல.

பேஸ் வாசிக்காதவங்களுக்காக ஒரு நிமிஷம். நாலு கம்பி பேஸுல சாதாரண 45-105 தடிமன் கம்பி செட்டு போட்டு டியூன் பண்ணினா மொத்தமா ஏறக்குறைய 80 கிலோ இழுவை, அஞ்சு கம்பின்னா 90 தாண்டிடும். ஒரு சிமெண்டு மூட்டையே 50 கிலோதான். கிட்டத்தட்ட ரெண்டு மூட்டை ஒரு மெல்லிசான மரத்த ராத்திரி பகலா முன்பக்கமா இழுத்துட்டே இருக்கு. அத எதுத்து நிக்கிறதுதான் நெக்குக்குள்ள ஓடற அந்த இரும்புக் கம்பி, ட்ரஸ் ராடு. நட்ட இறுக்கினா நெக்கு பின்னாடி நிமிரும், தளர்த்தினா கம்பி இழுக்கற பக்கம் முன்னாடி வளையும். அந்த நட்டுக்கு ரெண்டு பக்கமும் எடம் இருக்கற வரைக்கும் பேஸுக்கு ஆயுசு இருக்கு. கம்பி அதிர்வ பிடிச்சு ஆம்புக்கு அனுப்பற பிக்கப் போனா மாத்தலாம், குமிழுக்கு அடியில இருக்கற பாட் போனா சில வெள்ளிதான், டியூனர் போனா வாங்கிக்கலாம். ராடு போனா பேஸோட பாதி வெல போச்சு.

அங்கிள் அவரால ஆனத செஞ்சாரு, நட்டுக்கு பின்னாடி வாஷர் போட்டாரு, நெக்க சூடு காட்டி கிளாம்ப்ல கட்டி மூணு வாரம் வச்சிருந்தாரு, 180 வெள்ளி வாங்கினாரு, நியாயமான காசு. ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு. வருஷக் கடைசி மழை வந்ததும் பழையபடி வளைஞ்சிடுச்சு. கடைசியில பாடி, பிக்கப், பிரிட்ஜ் எல்லாத்தையும் தனித்தனியா கழட்டி வித்துட்டேன், ஏன் கழட்டி விக்கிறேன்னு கேட்டவங்க எல்லார்கிட்டயும் காரணத்த சொன்னேன். அந்த நெக்கு மட்டும் இன்னும் என் அலமாரிக்கு மேல கெடக்கு.

அதுக்கப்புறம் நான் பேஸ் பாக்கப் போற விதமே மாறிடுச்சு. பகல்லதான் போவேன். முதல்ல ஹெட்ஸ்டாக் பக்கத்துல இருந்து ஃப்ரெட்போர்டு ஓரத்த பாப்பேன், தடிச்ச கம்பி பக்கம் ஒரு தடவ, மெல்லிசு பக்கம் ஒரு தடவ, ரெண்டும் ஒரே மாதிரி போகணும், ஒண்ணு நேரா ஒண்ணு வளைவான்னா நெக்கு முறுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அதுக்கு மருந்து கெடையாது, நன்றி சொல்லிட்டு கெளம்பிடுவேன். அப்புறம் டியூன் பண்ணிட்டு கம்பியவே ஸ்கேலா வச்சுக்கலாம்: முதல் ஃப்ரெட்டுல ஒரு வெரலும் நெக்கு பாடியோட சேர்ற எடத்துல இன்னொரு வெரலும் அமுக்கிட்டு, 7வது 8வது ஃப்ரெட்டு கிட்ட எவ்வளவு எடைவெளின்னு பாக்கணும். ஒரு நேம் கார்டு மெல்ல நொழைஞ்சா நல்லது. நொழையவே இல்லன்னாலும் சரி, மூணு நாலு கார்டு போனாலும் சரி, ராடு வேலை செய்யுதான்னு பாத்தாகணும். விக்கிறவர்கிட்ட கேட்டுட்டு, முதல்ல தளர்த்தற பக்கம் கால் சுத்து, அப்புறம் பழைய எடத்துக்கு. 'வேணாம் வேணாம், செட்டப் போயிடும்'னு பதறினா நான் வாங்க மாட்டேன். பழைய மாடல் மாதிரி செஞ்ச சில பேஸ்ல அந்த நட்டு பாடி பக்கம் ஒளிஞ்சிருக்கும், நெக்க கழட்டினாதான் கை எட்டும், அதுக்கு விக்கிறவரு ஒத்துக்கறது கஷ்டம், அப்ப கண்ணும் நேம் கார்டும்தான் கதி.

நெக்க கழட்டறதுன்னு சொன்னதும் பயப்பட வேணாம். 1951ல லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ கொண்டு வந்தப்பவே நாலு ஸ்க்ரூல பாடியோட மாட்டற நெக்குதான், கெட்டுப் போனா வேற மாத்திக்கலாம்ங்கறதுக்காக. அதனாலயே ஹெட்ஸ்டாக்ல இருக்கற பேர மட்டும் நம்பி வெல பேசாதீங்க, நெக்கு ஒரு எடத்துலயும் பாடி இன்னொரு எடத்துலயும் பொறந்திருக்கலாம். அப்படி சேத்த பேஸ் மோசம்னு நான் சொல்லல, என் ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட இருக்கற நல்ல பேஸே அப்படி சேத்ததுதான், ஆனா சொல்லி விக்கணும், அதுக்கேத்த வெலைக்கு விக்கணும்.

நம்ம ஊரு காத்தையும் மறக்கக் கூடாது. கோலாலம்பூர்ல காலையில குளிச்சிட்டு வந்தா துண்டு சாயங்காலம் வரைக்கும் ஈரமாவே தொங்கும், அந்த ஈரத்த மரமும் குடிக்குது. ஒரே பேஸ் ராத்திரி பூரா ஏசி ரூமுல, மத்தியானம் வெயில்ல நிக்கற காடி பூட்டுல, சாயங்காலம் கோயில் திருவிழா மேடையில. ஏசியில கெடந்து கெடந்து ஃப்ரெட்போர்டு சுருங்கினா ஃப்ரெட்டோட முனை வெளிய துருத்திக்கிட்டு கைய கிழிக்கும், நெக்கு ஓரத்துல வெரல ஓட்டிப் பாத்தாலே தெரிஞ்சிடும். பட்டர்வொர்த்துல எங்க அண்ணன் வீடு கடல் காத்து வீசற எடம், அங்க ரெண்டு வருஷம் வச்சிருந்த பேஸுக்கு நெக்கு நல்லா இருந்துச்சு ஆனா பிரிட்ஜ் சாடில் ஸ்க்ரூ நாலும் துரு ஏறி அசையவே இல்ல, அதனால பினாங்குல வாங்கினா ஆலன் கீய சாடில்லயும் ஒரு தடவ போட்டுப் பாருங்க. பினாங்க பத்தி பேச்சு வந்ததால சொல்றேன், நான் பொறந்து வளந்தது அந்தப் பக்கம்தான், ஆலிகேட்ஸ் எங்க ஊரு குரூப்பு, ஆறுமுகம் அண்ணன் தம்பிங்க மேடையில நிக்கறத பாத்துட்டுதான் எங்க தெருவுல பாதி பேரு கித்தார தொட்டாங்க, நான் நாலு கம்பி பக்கம் போயிட்டேன்.

இரைச்சல பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இதால நல்ல பேஸ வேணாம்னு விட்டவங்களும் இருக்காங்க. ஃபெண்டரோட ஜாஸ் பேஸ் மாதிரி ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப் இருக்கறதுல ஒரு வால்யூம கொறச்சா ஆம்ப்ல 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் வரும், ரெண்டையும் முழுசா தொறந்தா அடங்கிடும், ஏன்னா ரெண்டு காயிலும் எதிர் எதிரா சுத்தியிருக்கும். அது கோளாறு இல்ல, அதோட சுபாவம். நம்ம வீட்டுக் கரண்டு 50 ஹெர்ட்ஸ், ஈ கம்பியில 3வது ஃப்ரெட்டு ஜி 49 ஹெர்ட்ஸ், அந்த ஜி-ய மெதுவா வாசிச்சா இரைச்சலோட உரசறது காதுக்கே தெரியும். ப்ரிசிஷன்ல 1957ல இருந்து பிக்கப்ப ரெண்டா வெட்டி வச்சதால இந்தத் தொல்லை இல்ல. பேட்டரி போடற பேஸா இருந்தா 9 வோல்ட் புதுசு ஒண்ண கையோட எடுத்துட்டு போங்க, பாதி பேரு கேபிள மாட்டியே வச்சிருப்பாங்க, கேபிள் மாட்டியிருந்தா பேட்டரி ஓடிட்டே இருக்கும்.

சரி, நான் வித்த கதைக்கு வரேன். மகளுக்கு காலேஜுக்கு லேப்டாப் வேணும், வீட்ல ரெண்டு பேஸ், ஒண்ணு போகணும். வெளம்பரம் எழுத உக்காந்தப்ப அந்த பெட்ரோல் ஸ்டேஷன் ராத்திரிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அதனால நெக்க ஓரத்துல இருந்து ஜன்னல் வெளிச்சத்துல மூணு படம் எடுத்தேன், பின்னாடி பெல்ட் பக்கிள் கீறினத கிட்டத்துல எடுத்தேன், எடை 4.1 கிலோ, நெக்கு தலப்பக்கம் கம்பி உக்கார்ற நட்டோட அகலம் 38 மில்லிமீட்டர், ராடு ரெண்டு பக்கமும் திரும்பும், ஜி கம்பியில 6வது ஃப்ரெட்டுல டெட் ஸ்பாட் இருக்குன்னு எல்லாத்தையும் எழுதினேன். குரூப்புல இருந்தவன் ஒருத்தன் 'ஏண்டா டெட் ஸ்பாட்ட எல்லாம் நீயா சொல்ற, வாங்கறவன் கண்டுபிடிச்சா பாத்துக்கலாம்'னான். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே இல்ல, இப்பவும் பிடிக்கல. பேஸ் வாங்கற பாதி பேரு முதல் தடவ வாங்கற பசங்க, அவனுங்களுக்கு கண்டுபிடிக்கத் தெரியாது, அந்தத் தெரியாமைக்கு வெல போட்டு விக்கிறது எனக்கு சம்மதம் இல்ல.

ஒம்பது நாளைக்கு 'லாஸ்ட் எவ்ளோ பாஸ்', 'நெகோ?', 'ட்ரேட் பண்ணுவீங்களா' இவ்வளவுதான் வந்துச்சு. பேஸ கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி லாஸ்ட் பிரைஸ் கேக்கறவங்களுக்கு நான் ஒரே பதில்தான் போடுவேன், வந்து பாருங்க, வாசிச்சுப் பாருங்க, அப்புறம் வெலைய பேசுவோம். பத்தாவது நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ். வயசான குரல், பின்னாடி லோரி இன்ஜின் சத்தம், மின்னல் எஃப்எம் ஓடுது. 'தம்பி, வணக்கம். என் மகன் எஸ்பிஎம் பரீட்ச முடிச்சிட்டான், இந்த கித்தார் வேணும்ங்கறான். எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க ஒரு செத்த எடம் இருக்குன்னு எழுதியிருக்கீங்களாம், அப்படின்னா என்னப்பா?'

போன் பண்ணி, ஞாயித்துக்கிழம பகல்ல செந்தூல்ல என் வீட்டுக்கே வாங்கண்ணே, ஆம்ப் இருக்கு, காட்டறேன்னேன்.

வந்தாங்க. பையன் தலையக் குனிஞ்சே உக்காந்திருந்தான், அங்கிள் அங்கிள்னு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல. முதல்ல ஆம்ப போடல. பேஸ அவன் மடியில குடுத்து, பாடியில மேல்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கற கொம்புல தாடைய வச்சுக்கிட்டு வாசிக்கச் சொன்னேன். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், மரத்துல இருந்து எலும்பு வழியா சத்தம் நேரா காதுக்குள்ள வரும், ஒவ்வொரு ஃப்ரெட்டும் எவ்வளவு நேரம் உயிரோட நிக்குதுன்னு ஆம்ப் இல்லாமலே தெரியும், கடையில எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் தெரியும். பையன் தாடைய வச்சு ஈ கம்பிய தட்டினான், கண்ணு அகலமாச்சு.

அப்புறம் ஜி கம்பியில ஒவ்வொரு ஃப்ரெட்டா ஏறச் சொன்னேன். 5 பரவால்ல. 6வது ஃப்ரெட்டு சி ஷார்ப், 'டும்'னு வந்து ரெண்டு செகண்டுல அணைஞ்சிடுச்சு. அதே சி ஷார்ப்ப டி கம்பியில 11வது ஃப்ரெட்டுல வாசிக்கச் சொன்னேன், அது நீளமா நின்னுச்சு. 'ஏன் அங்கிள்'னான். கம்பி அதிர்ற வேகமும் நெக்கு தானா அதிர்ற வேகமும் அந்த எடத்துல ஒண்ணாப் போயிடுது, கம்பியோட சக்திய நெக்கு வாங்கிக்குதுன்னு சொல்லிட்டு, அவங்க அப்பாவ கிட்ட கூப்பிட்டு ஹெட்ஸ்டாக் மேல கைய வைக்கச் சொன்னேன். லோரி ஓட்டற கை, காப்பு காச்சின கை. பையன் 6வது ஃப்ரெட்ட தட்டினதும் அவரு முகம் மாறிடுச்சு. 'நடுங்குது தம்பி.' இப்ப இறுக்கிப் பிடிங்கண்ணேன்னேன், பிடிச்சாரு, பையன் தட்டினான், இந்தத் தடவ சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கூட நின்னுச்சு. அவரு கைய எடுக்காமலே கொஞ்ச நேரம் யோசிச்சாரு. 'நம்ம லோரி 80ல போனா ஒண்ணும் இல்ல, 100ல போனா ஒண்ணும் இல்ல, 90 வந்தா மட்டும் ஸ்டீரிங் நடுங்கும்ல, அந்த மாதிரியா?'

அதேதாண்ணே. நான் இத எத்தன பேருக்கு வெளக்கியிருக்கேன், ஒருத்தரும் இவ்வளவு சுருக்கா பிடிச்சதில்ல.

அப்புறம் ஆம்ப போட்டேன். பையன் யூடியூப்ப பாத்து கத்துக்கிட்டதாம், ராஜா சார் பாட்டு ஒண்ணோட பேஸ் லைன வாசிக்க ஆரம்பிச்சான், ரெண்டு எடத்துல தடுமாறினான், மூணாவது வரி வர்றதுக்குள்ள அவங்க அப்பா 'டேய், இது அந்தப் பாட்டுதானே'ன்னு பல்லவிய முணுமுணுத்துட்டாரு. பாட்டு கெடையாது, மெட்டு கெடையாது, வெறும் பேஸ மட்டும் கேட்டுட்டு. ராஜா சார் பேஸ வெறும் தாங்கிப் பிடிக்கிற வேலைக்கு விட மாட்டாரு, அதுக்குன்னு தனியா ஒரு மெட்டு குடுப்பாரு, அத இருபது முப்பது வருஷமா ரேடியோவுல கேட்டு கேட்டு அந்த மனுஷனுக்குள்ள அது ஊறிப் போயிருக்கு, பேஸ்னா என்னன்னு அவருக்கு பேரு தெரியாதே தவிர பேஸ் தெரியும்.

வெல நான் 1,350 வெள்ளி போட்டிருந்தேன். அவரு கூச்சத்தோட 1,200 கொண்டு வந்திருக்கேன்னாரு. சரிண்ணே, ஸ்ட்ராப்பும் கேபிளும் எடுத்துக்கங்க, 15 வாட்ஸ் பழைய ஆம்பு ஒண்ணு சும்மா கெடக்கு, அத தம்பி அடுத்த மாசம் வந்து தூக்கிட்டு போகட்டும்னேன். அவரு சட்டப் பைல இருந்து ஐம்பது வெள்ளி நோட்டு கட்ட எடுத்தாரு, எடுத்தவரு அப்படியே நிறுத்திட்டு மகன பாத்து, 'அங்கிள் சொல்லிக் குடுத்தாருல்ல, நெக்க ஒரு தடவ பாத்துட்டு சொல்லு, அப்புறம் வெள்ளிய எண்ணலாம்'னாரு. பையன் எந்திரிச்சு ஜன்னல் கிட்ட போயி, பேஸ தூக்கி, ஒரு கண்ண மூடி, புடு அங்கிள் மாதிரியே பாத்தான். நேம் கார்டு கேட்டான். குடுத்தேன். 7வது ஃப்ரெட்டு கிட்ட மெல்ல நொழைச்சான். போச்சு. அப்புறம் அவரு எண்ணினாரு, 24 நோட்டு.

நேத்து ராத்திரி பையன்கிட்ட இருந்து ஒரு படம், ஒரு மெசேஜ். 'அங்கிள், ஈ கம்பி முதல் மூணு ஃப்ரெட்டுல கிர்ருங்குது, கார்டு நொழைய மாட்டேங்குது.' படத்த பாத்தேன், நெக்கு பின்னாடி நிமிந்திருக்கு. எங்க வச்சிருக்கேன்னு கேட்டேன், அவன் ரூமு மாத்தியிருக்கான், இப்ப ஏசி இருக்கற ரூமாம். ராட கொஞ்சம் தளர்த்தணும், நான் குடுத்த ஆலன் கீ பேக்குல இருக்குன்னு எழுதினேன். பதிலுக்கு அவங்க அப்பா வாய்ஸ் மெசேஜ்: 'தம்பி, கீய உள்ள விட்டுட்டோம், நான் பேஸ பிடிச்சிருக்கேன். எந்தப் பக்கம் திருப்பணும், வலதா இடதா?'

இடது பக்கம்ணே, கால் சுத்து மட்டும், திருப்பிட்டு ஒரு நாள் விட்டுட்டு மறுபடியும் கார்ட வச்சுப் பாருங்கன்னு அனுப்பினேன்.